நடுவில் கிடந்த முக்காலி

அடுத்த அறையில் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும் மகனுக்கு, அடுக்களையிலிருந்து அம்மா எழுதுவது. நலமா என்று நான் கேட்க வேண்டியதில்லை; நீ தும்முவது இங்கே கேட்கிறது. சாரலில் நனைந்துவிட்டுத் தலையைத் துவட்டாமல் திரிந்தால் தும்மல் வராமல் என்ன செய்யும். எழுந்து வந்து திட்டலாம் என்றால் எனக்குக் குரல் இல்லை. நேற்று மத்தியானத்திலிருந்து காற்றுதான் வருகிறது, வார்த்தை வரவில்லை. தென்காசி டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை, உப்புத் தண்ணீரில் கொப்பளியுங்கள் என்று அனுப்பிவிட்டார். உன் அப்பா மிளகும் பனங்கற்கண்டும் தட்டிப் போட்டுப் பால் காய்ச்சித் தருகிறார். நீ பஸ் ஸ்டாண்டு வரை போய் மாத்திரை வாங்கி வந்தாய். இரண்டு பேரும் என் தொண்டையைப் பற்றித்தான் கவலைப்படுகிறீர்கள். அது எந்த நேரத்தில் போயிற்று என்று இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

நான் யோசித்துவிட்டேன். நேற்று மத்தியானம் உன் அப்பா முன்கூடத்தில் சாய்வு நாற்காலியில் இருந்தார். நீ அறைக்குள் இருந்தாய். நடுவில் கதவு திறந்துதான் கிடந்தது. “கம்பளி எடுத்து வச்சானான்னு அவன்ட்ட கேளு” என்றார் அவர். நான் எழுந்து வந்து உன்னிடம் கேட்டேன். “அங்கன அம்புட்டுக் குளிரு கெடையாதுன்னு சொல்லு” என்றாய் நீ. அவர் கேட்டது உன் காதில் விழுந்திருக்கும், நீ சொன்னது அவர் காதில் விழுந்திருக்கும். இருந்தும் நான் கடமை தவறாமல் திரும்பி நடந்து போய் அவர் முன்னால் நின்று வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. அவர் என்னைப் பார்க்கிறார், நான் அவரைப் பார்க்கிறேன். அந்த நிமிடமே எனக்குச் சுடலைமுத்துவின் முகம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. உன் அப்பாவுக்கும் வந்திருக்க வேண்டும்.

அப்போதிருந்து எனக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. முறுக்கு மாவைப் பிசைந்து வைத்துவிட்டு வாசலுக்குப் போகிறேன், வாசலில் நின்றால் கொடியில் உன் சட்டை காயவில்லையே என்று கொல்லைக்குப் போகிறேன். இந்தச் சாரலில் என்ன காயும். நாளைச் சாயங்காலம் தென்காசியில் உனக்கு ரயில். கோயம்புத்தூர் மில்லில் லேபர் ஆபீசர் என்றால் சும்மாவா, தெருவே பேசுகிறது. நீங்கள் இரண்டு பேர்தான் பேசவில்லை. இப்படியே ஒரு வார்த்தை இல்லாமல் நீ வண்டி ஏறிவிட்டால், இந்தக் கூடத்துக்கும் அறைக்கும் நடுவில் இருக்கிற தூரம் கோயம்புத்தூர் வரைக்கும் நீண்டுவிடும். கடுதாசி எனக்கு வரும். ‘அப்பாவிடம் சொல்லவும்’ என்று கடைசி வரியில் எழுதுவாய். அப்புறம் ஒருநாள் அந்த வரியும் நின்றுவிடும். இதற்குத்தான் நான் பயப்படுகிறேன், வேறெதற்கும் இல்லை.

சுடலைமுத்துவை நீ ஓரிரு முறைதான் பார்த்திருப்பாய். அந்த வருஷம் நீ பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் இருந்தாய். அதனால் கதை உனக்குப் பாதிதான் தெரியும், தெரிந்த பாதியையும் நீ கேலியாகத்தான் சொல்வாய். முழுதாகச் சொல்கிறேன், பெட்டியை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்து படி.

உன் அப்பா தென்காசியில் ஓர் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தவர் என்பது உனக்குத் தெரியும். ஏன் விட்டார் என்பது தெரியுமா? ஓர் ஆள் வாராவாரம் வயிற்று வலி என்று வருவான். அவரும் வாராவாரம் அதே மிக்ஸ்சரைப் பாட்டிலில் ஊற்றிக் கொடுப்பார். வலி வருவது பாவூர்சத்திரம் சந்தைக்கு அவன் காய்கறி கொண்டுபோகிற நாளில் மட்டும்தான் என்று இவருக்கு ஒருநாள் உறைத்தது. விசாரித்தால் அதே சந்தையில் அவன் மாமனார் எதிர்க்கடை போட்டிருக்கிறார், ஊர் முன்னால் அவனை வாய்க்கு வந்தபடி ஏசுவார். அதற்கு எந்த மிக்ஸ்சரைக் கொடுப்பது? “ஆளை மட்டும் பாத்தா ஆவாது, ஏட்டி. அவன் நிக்குத எடத்தையும் பாக்கணும்” என்றார் என்னிடம். பள்ளிக்கூடத்து டீச்சர் வேலையை நானும் விட்டுவிட்டு, இரண்டு பேருமாகக் குற்றாலத்தில் இந்த வீட்டைப் பிடித்தோம். காலையில் உடம்பெல்லாம் எண்ணெய், பிறகு அருவி, பிறகு கஞ்சி, மத்தியானம் தூக்கம், வெயில் தாழ்ந்ததும் தோட்டத்தில் மண்வெட்டி. விளக்கு வைத்ததும் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, அன்றைக்கு மனதைக் குடைந்தது எதுவோ அதை ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். கேட்கிறவர்கள் புத்தி சொல்லக் கூடாது. இதுதான் எங்கள் வைத்தியம். ஊர் சிரித்தது. எண்ணெயும் தண்ணீரும் கொடுத்துக் கதை கேட்கிற வீடு என்றார்கள். நாங்களும் சேர்ந்து சிரித்துக்கொண்டுதான் நடத்தினோம்.

அப்படி ஒரு சாரல் காலத்தில் சுடலைமுத்துவைக் கூட்டி வந்தார்கள். கீழப்பாவூர்க்காரன், நாற்பது வயது இருக்கும், தென்காசியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. கடை அண்ணன் தம்பி இருவருக்குச் சொந்தம். பெரிய அண்ணாச்சி, சின்ன அண்ணாச்சி என்று ஊரில் சொல்வார்கள். ஒரே மெத்தை, ஒரே கல்லாப்பெட்டி, ஒருவர் தோளை மற்றவர் தொடுகிற தூரம். ஆனால் வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை கிடையாது. பெரியவர் தன் மகளுக்குக் கல்யாணத் தேதி குறித்தபோது தம்பியைக் கேட்கவில்லை. சித்தப்பாவைக் கேட்காமல் தேதி குறிக்கிற வழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை. அன்றைக்கு நின்ற பேச்சு. கடையை இரண்டாகப் பிரிக்கவும் மனசு வரவில்லை. அதனால் இருவருக்கும் நடுவில் ஒரு முக்காலியைப் போட்டு, துணி கிழித்துக்கொண்டிருந்த சுடலைமுத்துவை அதில் உட்கார வைத்துவிட்டார்கள். “மதுரைச் சரக்கு வந்தாச்சு, பிரிக்கலாமான்னு சின்னவன்ட்ட கேளு” என்பார் பெரியவர். சுடலைமுத்து கழுத்தைத் திருப்பி, “பெரியவிய கேக்குதாவ, மதுரைச் சரக்கு பிரிக்கலாமான்னு” என்பான். “நாளைக்குப் பிரிச்சா போதும்னு சொல்லு” என்பார் சின்னவர். மறுபடி கழுத்து இந்தப் பக்கம். காலையில் கடை திறந்ததிலிருந்து சாத்துகிற வரை அவனுக்கு இதுதான் உத்தியோகம். தீபாவளிக்குச் சரக்கு எடுக்கத் தொடங்குகிற நேரத்தில் ஒருநாள் குரல் அப்படியே நின்றுவிட்டது.

இங்கே வந்து நாலு நாள் அருவியில் நின்றதும் குரல் வந்துவிட்டது. உன் அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. மூலிகைத் தண்ணீர், எண்ணெயின் சூடு என்று எனக்கே வகுப்பு எடுத்தார். அனுப்பி வைத்தோம். கடைக்குப் போய் முக்காலியில் உட்கார்ந்தான், அன்று மத்தியானமே மறுபடி போயிற்று. திரும்பவும் கூட்டி வந்தார்கள், திரும்பவும் வந்தது. இந்த முறை நான் அவனை அடுக்களையில் என் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். தேங்காய் துருவிக்கொண்டே ஊர்க்கதையெல்லாம் சளசளவென்று பேசினான். “அப்பிடியே போயி, கஞ்சி ஆயாச்சுன்னு வைத்தியர்ட்ட சொல்லிருங்க” என்றேன். எழுந்து போனான். உன் அப்பா முன்னால் நின்றான், வாயைத் திறந்தான், சத்தம் இல்லை. கையைக் குவித்துக் கஞ்சி குடிப்பது மாதிரிக் காட்டினான். தன் பேச்சு பேசினால் வருகிறது, அடுத்தவர் பேச்சைத் தூக்கிக்கொண்டு போனால் நின்றுவிடுகிறது. உன் அப்பாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நோய் அவன் தொண்டையில் தெரிகிறதே தவிர, இருப்பது அந்தக் கடையில் என்று புரிந்தது. கடைக்கு வைத்தியம் பார்க்க வேண்டும். அதற்கு எந்த ஊரில் மருந்து விற்கிறது?

சுடலைமுத்து குணமாக வேண்டுமென்றால் முதலாளிகள் இருவரும் வந்து தங்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினோம். வந்தார்கள். அவன் மேல் இருவருக்குமே பிரியம் உண்டு. ஒருவர் காரில் வந்தார், ஒருவர் பஸ்ஸில் வந்தார். உன் அப்பா அவர்களை எதிரெதிரே உட்கார வைத்து ஒற்றுமையைப் பற்றி நீளமாகப் பேசினார். இரண்டு பேரும் தலையாட்டினார்கள். மறுநாளே பெரியவர், “வைத்தியரே, கடைச் சாவி எங்கன வச்சான்னு அவன்ட்ட ஒரு வார்த்த கேளுங்க” என்றார். உன் அப்பாவும் போய்க் கேட்டார். “ஆணியில தொங்குதுன்னு சொல்லிருங்க” என்றார் சின்னவர். உன் அப்பா வந்து சொன்னார். பொழுது சாய்வதற்குள் அவர் குறுக்கும் நெடுக்கும் நடந்து கால் வலிக்கிறது என்று என்னிடம் வந்து உட்கார்ந்தார்.

“ஏங்க, இப்ப எங்கன இருக்கீயன்னு தெரியுதா?” என்றேன்.

“பெஞ்சுல.”

“முக்காலில இருக்கீய.”

கொஞ்ச நேரம் என்னை முறைத்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவர்தான், கண்ணில் தண்ணீர் வருகிற வரை சிரித்தார். நல்ல மனசோடு உள்ளே போகிறவனைத்தான் அந்த முக்காலி முதலில் இழுத்து உட்கார வைக்கிறது. இதை நீ ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் சொல்கிறேன்.

அன்று சாயங்காலம் வட்டத்தில் உட்கார்ந்தபோது ஒரு கட்டுப்பாடு போட்டோம். இந்த வீட்டில் ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் யாரும் கொண்டுபோகக் கூடாது. சமையலுக்கு உதவுகிற பெண்ணிலிருந்து பால்காரர் வரை எல்லோருக்கும் சொல்லி வைத்தோம். அதற்கப்புறம் இந்த வீட்டில் நடந்த கூத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ஊறுகாய் சின்னவர் பக்கம் இருக்கிறது, பெரியவர் வெறும் மோர்ச்சோற்றை விழுங்குகிறார். ஒருநாள் பெரியவர் கொல்லையில் நின்று முருங்கை மரத்தைப் பார்த்து, “வெந்நி ஆறிட்டு இருக்கு, குளிக்கணும்னா குளிக்கலாம்” என்றார். சின்னவர் ஜன்னலைப் பார்த்து, “குளிப்பம்லா” என்றார். மரத்துக்கும் ஜன்னலுக்கும் தூது போகத் தடையில்லை என்று கண்டுபிடித்துவிட்டார்கள். உன் அப்பா நொந்துபோய், இது ஆகாது, அனுப்பிவிடலாம் என்றார். நான் பிடிவாதமாக இருந்தேன். உள்ளுக்குள் எனக்கும் நம்பிக்கை இல்லை.

கடைசியில் நடந்ததற்கு எங்கள் கெட்டிக்காரத்தனம் காரணம் இல்லை. ஐந்தருவியில் தண்ணீர் நன்றாக விழுந்த ஒரு காலை. எல்லோரும் குளிக்கிறார்கள், நான் கரையில் துண்டுகளோடு நிற்கிறேன். பெரியவர் கௌரவக்காரர், முழு வேட்டியோடுதான் அருவியில் நிற்பார். கண்ணை மூடிக்கொண்டு தலையைக் கொடுத்திருந்தார். தண்ணீர் அடித்த அடியில் வேட்டி இடுப்பை விட்டு நழுவ ஆரம்பித்தது. பக்கத்தில் நின்ற சின்னவர் அதைப் பார்த்துவிட்டார். சுற்றுமுற்றும் பார்க்கிறார், யாரிடமாவது சொல்லி அனுப்பலாமா என்று. சுடலைமுத்து அந்தக் கோடியில் நிற்கிறான். முருங்கை மரமும் இல்லை. வேட்டி முழங்காலுக்கு வந்துவிட்டது. நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் முன்னால் சின்னவரின் வாய் அசைந்ததைப் பார்த்தேன். அருவிச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. உன் அப்பா பிற்பாடு சொன்னார்.

“அண்ணாச்சி, வேட்டி.”

அவ்வளவுதான். பெரியவர் கண்ணைத் திறக்காமலே, “எங்கலே?” என்று கேட்டுக்கொண்டே கையால் துழாவினாராம். தம்பி குனிந்து எடுத்துக் கொடுத்தாராம்.

அதோடு கட்டிப்பிடித்து அழுதார்கள் என்று நினைக்காதே. அன்று மத்தியானம் தொடங்கியது சண்டை. “மகளுக்குத் தேதி குறிக்கையில சித்தப்பன்னு ஒருத்தன் இருக்குதான்னு தோணலையா ஒங்களுக்கு?” என்று சின்னவர் கத்தினார். “நீ சரக்கெடுக்க பம்பாய்க்குப் போயிருந்தலே. மாப்பிள்ள வீட்டுல அவசரப்படுத்துனாவ” என்று பெரியவர் கத்தினார். “ஒரு தந்தி அடிக்க முடியலையா?” பெரியவர் துண்டை உதறி மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, “அடிச்சிருக்கலாம். அடிக்கல” என்றார். அடுத்தடுத்த நாட்களும் சண்டை போட்டார்கள். அக்கம்பக்கத்து வீட்டார் வந்து விசாரித்தார்கள். உன் அப்பா வாசலில் நின்று, வைத்தியம் நடக்குது என்று சொல்லி அனுப்பினார். அதில் பொய்யில்லை.

ஊருக்குப் போன பிறகும் நாங்கள் விடவில்லை. கடை திறப்பதற்கு முன்னால் உன் அப்பா தென்காசிக்குப் போய் அங்கே உட்காருவார். கடைக்கும் எண்ணெய் தேய்க்கப் போகிறார் என்று பஸ்ஸில் கேலி செய்தார்கள். போய்ப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, முதலாளிகளைப் பார்த்து மொத்தக் கடையும் அதே வழக்கத்துக்கு வந்திருக்கிறது. சேலைப் பிரிவில் இருப்பவன் வேட்டிப் பிரிவில் இருப்பவனிடம் பேசமாட்டான். பெரியவர் ஆள், சின்னவர் ஆள் என்று இரண்டு கட்சி. அண்ணன் தம்பி பேச ஆரம்பித்ததும் மற்றவர்களுக்குத்தான் கை ஒடிந்தது போல ஆயிற்று. அதனால் இங்கே போடுகிற வட்டத்தை அங்கேயும் போட்டார். காலையில் வியாபாரம் தொடங்குவதற்கு முன்னால் எல்லோரும் கீழே உட்கார வேண்டும், முதலாளிகளும்தான். நேற்று யாரால் எனக்குச் சங்கடம் வந்தது என்பதை அந்த ஆளின் முகத்தைப் பார்த்தே சொல்ல வேண்டும். முதலில் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். பெரியவர்தான் தொடங்கினார், தம்பியைப் பார்த்துச் சொன்னார். முக்காலியைத் தூக்கிப் பரணில் போட்டார்கள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நாங்கள் நிம்மதியாக இருந்தபோது சுடலைமுத்து ஒருநாள் இங்கே வந்தான். குரல் நன்றாக இருந்தது. அந்தக் குரலில் அழுதான். “இப்ப என்ன யாருமே கூப்பிடுதது இல்லம்மா. முந்தி சுடல இல்லாம கடையில ஒண்ணும் நடக்காது. பெரியவியளுக்கும் நாந்தான், சின்னவியளுக்கும் நாந்தான். இப்ப துணி கிழிக்கச் சொல்லுதாவ” என்றான். நாங்கள் அதை யோசிக்கவே இல்லை. தூது போவது அவன் தொண்டையை அறுத்தது உண்மை. அதே தூதில் அவனுக்கு ஒரு மிதப்பும் இருந்தது, அதுவும் உண்மை. நோயை எடுத்தபோது அவன் உட்கார்ந்திருந்த இடத்தையும் சேர்த்து எடுத்துவிட்டோம். உன் அப்பா அன்றே அவனோடு தென்காசிக்குப் போய் அண்ணாச்சிமார் இருவரிடமும் பேசினார். கடைவாசலில் நின்று வருகிறவர்களை வாங்க வாங்க என்று அழைக்கிற வேலையை அவனுக்குக் கொடுத்தார்கள். சொந்த வார்த்தையில், தெருமுனை வரைக்கும் கேட்கிற குரலில். இப்போதும் அங்கேதான் நிற்கிறான்.

எண்ணெய் காய்ந்துவிட்டது, எழுந்து போய் ஒரு ஈடு முறுக்கு சுட்டுவிட்டு வந்தேன். முதல் ஈடு கருகிவிட்டது.

இப்போது நம் வீட்டுக்கு வருகிறேன். நீ மெட்ராஸில் சமூக சேவைப் படிப்பு முடித்துவிட்டு வந்த புதிதில், ஒரு சாயங்காலம் வட்டத்தில் எல்லோர் முன்னாலும் உன் அப்பாவிடம் சொன்னாய்: “இது கைமருந்துப்பா. குணமானவங்கள மட்டும் கதையாச் சொல்லுதீய. ஆகாதவங்க எங்க போனாங்கன்னு ஒங்களுக்குத் தெரியுமா?” கேட்கக் கூடாத கேள்வி என்று நான் சொல்லமாட்டேன். கேட்ட இடம் தப்பு. அவரும் சும்மா இருந்திருக்கலாம். “பொஸ்தகம் படிச்சவனுக்கு இந்தக் கைமருந்துச் சோறு எதுக்குலே?” என்றுவிட்டார். மறுநாள் நீ பஸ் ஸ்டாண்டு ஹோட்டலில் சாப்பிட்டாய். நான் போய் உன்னை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். ‘அப்பா கோவத்த விட்டுட்டாரு’ என்று உன்னிடம் சொன்னேன், ‘பையன் வருத்தப்படுதான்’ என்று அவரிடம் சொன்னேன். இரண்டு பேருமே அப்படிச் சொல்லவில்லை. அன்றைக்குத்தான் நான் முக்காலியில் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்து பார்த்தால் அது சுகமாகத்தான் இருந்தது, ஐயா. அவர் சொல்வதில் இருந்த காரத்தை எடுத்துவிட்டு உன்னிடம் தருவேன், நீ சொல்வதில் கொஞ்சம் வெல்லம் சேர்த்து அவரிடம் தருவேன். வேலை கிடைத்த சேதி வந்தபோது ‘அப்பாவுக்கு ரொம்ப சந்தோஷம்’ என்றேன் அல்லவா? அவர் சொன்னது ‘ஊம்’ மட்டும்தான். பிறகு தோட்டத்துக்குப் போய் வெகுநேரம் வாழைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். அது சந்தோஷம்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். இந்த வீட்டில் என்னைத் தொடாமல் ஒரு வார்த்தையும் நகராது என்பதில் எனக்கு ஒரு ருசி இருந்தது. சுடலைமுத்துவின் மிதப்பைப் பற்றி ஊருக்கெல்லாம் சொன்னவளுக்குத் தன்னுடையது தெரியவில்லை. நீங்கள் இருவரும் நேராகப் பேச ஆரம்பித்தால் எனக்கு இங்கே என்ன வேலை என்று நேற்று ராத்திரி நினைத்தபோது எழுந்து உட்கார்ந்துவிட்டேன். இப்போதும் அதுதான் நினைப்பு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். உன் கேள்வி உன் அப்பாவைத் தூங்கவிடவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒருநாள் இலத்தூருக்குப் போனார். வைத்தியம் பாதியில் நிற்க, கோபித்துக்கொண்டு போன ஒருவரின் வீட்டைத் தேடிப் போய், ‘எங்க மேல என்ன குறை’ என்று கேட்டிருக்கிறார். மாட்டேன் என்றவரை வட்டத்தில் பிடித்து உட்கார வைத்தீர்கள் என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னார்களாம். அதைக் கேட்டுவிட்டு வந்த பிறகுதான், வேண்டாம் என்கிறவர்களை வட்டத்தில் உட்கார வைக்கிற வழக்கத்தை விட்டார். அதற்கப்புறமும் அப்படிப் போனவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் போய்க்கொண்டிருக்கிறார். நீ கேட்டதால்தான் போகிறார், உன்னிடம் அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. அதே மாதிரி, மில் இண்டர்வியூவில் ஒரு தொழிலாளி குடித்துவிட்டு வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டதற்கு நீ என்ன பதில் சொன்னாய் என்று என்னிடம் சொன்னாய். ஆளை மட்டும் பார்த்தால் ஆகாது, அவன் நிற்கிற இடத்தையும் பார்க்க வேண்டும் என்றாயாம். அது யார் பேச்சு? ‘அவியட்ட சொல்லிராத’ என்று வேறு சொன்னாய். நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். பார், இலத்தூர்க் கதையை எழுதியதே ஒரு தூதுதான். பழகின கை விடமாட்டேன் என்கிறது. இதோடு சரி.

நீ போகிற வேலையையும் கொஞ்சம் யோசி. மில் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவில் உனக்கு ஒரு நாற்காலி போட்டுச் சம்பளமும் தருகிறார்கள். குஷன் வைத்த நாற்காலியாக இருக்கும். அதுவும் முக்காலிதான். மேனேஜர் உன்னிடம் சொல்லி அனுப்புவார், சங்கத்துக்காரர்கள் உன்னிடம் சொல்லி அனுப்புவார்கள், இரண்டு பக்கமும் உன்னைத் தங்கமான பையன் என்பார்கள். உனக்கும் ருசியாக இருக்கும். நீ கொஞ்சம் காரத்தை எடுப்பாய், கொஞ்சம் வெல்லம் சேர்ப்பாய். நீ இல்லாமல் மில்லில் ஒன்றும் நடக்காது என்று நினைக்கிற அன்று தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொள். அவர்களை ஒரே அறையில் உட்கார வை, கத்தட்டும், அக்கம்பக்கத்தார் வந்து விசாரிக்கட்டும். நீ வாசலில் நின்றுகொள். அப்படிச் செய்தால் உன்னை யாரும் தங்கம் என்று சொல்லமாட்டார்கள், அதையும் தாங்கிக்கொள். உன் படிப்பில் இதற்கு வேறு பேர் இருக்கும். பேர் எதுவானாலும் சரி, அடுத்தவனைச் செய்யச் சொல்லும் முன்னால் நீ ஒருமுறை செய்து பார்த்திருக்க வேண்டும். அதற்கு உனக்கு நாளைச் சாயங்காலம் வரைதான் நேரம் இருக்கிறது.

நாளைக்கு நான் ஸ்டேஷனுக்கு வரவில்லை. தொண்டை காரணம் இல்லை. அந்தப் பிளாட்பாரத்தில் நான் நின்றால் நீங்கள் இருவரும் என் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவீர்கள். முறுக்கு தூக்குச்சட்டியில் இருக்கும், மறக்காமல் எடுத்துக்கொள். பெட்டியின் ஒரு பக்கக் காதை அவர் பிடிப்பார், மறுபக்கத்தை நீ பிடி. அவருக்கு இடது தோள் வலி, பார்த்து நட. நான் வாசலோடு நின்றுகொள்வேன். வண்டி போன பிறகு என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை. இந்த வீட்டில் எனக்கும் ஒரு வேலை தேட வேண்டும், சுடலைமுத்துவுக்குத் தேடினது மாதிரி.

இன்னும் ஒன்று. உன் டிக்கெட்டை நேற்றுக் காலை உன் அப்பாவே தென்காசிக்குப் போய், வரிசையில் நின்று வாங்கி வந்தார். ‘அவன்ட்ட குடுத்துரு’ என்று என் கையில் தந்தார். அதை நான் இன்று திரும்பவும் அவருடைய வெள்ளைச் சட்டைப் பையில் வைத்துவிட்டேன், அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார்ந்தார். இப்போதும் அங்கேதான் இருக்கிறார், உன் அறைக் கதவைப் பார்த்தபடி. எழுந்து போய்க் கேட்டு வாங்கிக்கொள்.